ஆளுக்குப் பாதி

என் டம்ளரின் அடியில் மாமியார் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்த அன்றைக்குத்தான், எனக்கு ஒரு நோய் இருப்பதை எங்கள் வீடு ஒப்புக்கொண்டது. பதினோரு வருடமாகக் கிடைக்காத அங்கீகாரம் ஒரு சொட்டு நகப்பூச்சில் கிடைத்துவிட்டது. தட்டுக்கும் ஒரு பொட்டு. தனித் துண்டு, தனி சோப்பு. "தப்பா எடுத்துக்காதம்மா. கிருமின்னு டாக்டரே சொல்லிட்டாங்க. வயசானவங்க இருக்கிற வீடு பாரு," என்றார். வயசானவங்க என்று அவர் சொன்னது அவரைத்தான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எதையும் எந்த விதமாகவும் எடுத்துக்கொள்கிற நிலையில் நான் இல்லை. டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டு பிசிறில்லாமல் வட்டமாக இருந்தது. மாமியாருக்கு இந்த வயதிலும் கை நடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, திரும்பப் போய்ப் படுத்தேன்.

எனக்கு இருந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். காலையில் கண் விழித்தால் ஈரச் சாக்கு ஒன்றை மேலே போட்டு அமுக்கியது போல இருக்கும். பல் தேய்க்க வேண்டும் என்று நினைப்பேன். பல் தேய்க்க எழுந்து உட்கார வேண்டும், உட்காரப் போர்வையை விலக்க வேண்டும், விலக்கக் கையை வெளியே எடுக்க வேண்டும். கை வரைக்கும் யோசிப்பதற்குள் களைத்துப்போவேன். எந்நேரமும் அழுதுகொண்டிருப்பேன் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அழுகை வந்தால் எனக்கு அது நல்ல நாள். இதற்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் சோம்பேறித்தனம். உறவுக்காரர்கள் வைத்த பெயர் திமிர். நடந்தால் சரியாகும் என்றார்கள், சாமி கும்பிட்டால் சரியாகும் என்றார்கள், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள், பிள்ளை பிறக்காததே நான் இப்படிப் படுத்துக்கிடப்பதால்தான் என்றும் அதே வாயால் சொன்னார்கள். மனசு வைத்தால் போதும் என்று சொல்லாத ஆளே இல்லை. கெட்டுப்போனதே அதுதான், பிறகு எதை வைப்பது?

இத்தனைக்கும் நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வரவில்லை என்பவர்களையும் கலங்கலாக வருகிறது என்பவர்களையும் நாள் முழுக்கக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஊரே என் காதில் கத்தும். எனக்கு உறைக்காது. கத்தி முடித்ததும் புகார் எண்ணைச் சொல்லுவேன். இவ்வளவு பொறுமையான ஊழியரைப் பார்த்ததில்லை என்று மேலதிகாரி எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார். மனச்சோர்வுக்குச் சான்றிதழ் வாங்கிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மனநல டாக்டர் இரண்டு விதமான மாத்திரைகளை ஏற்கனவே கொடுத்துப் பார்த்திருந்தார். இரண்டும் வேலை செய்யவில்லை. கத்தரித்த முடியும் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரமுமாக இருக்கும் சின்ன வயதுப் பெண் அவர். ஒருநாள் என் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே அடிக்கடி கொப்புளம் வரும். எத்தனை வருடமாக வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். அந்தக் கொப்புளத்தைக் கொண்டுவருகிற வைரஸ் ஒருமுறை உள்ளே போனால் நரம்பிலேயே தங்கிவிடுமாம். பாதி ஊருக்கு அது இருக்குமாம், ஒன்றும் செய்யாதாம். சிலருக்கு மட்டும் அது அடிக்கடி விழித்து, உடம்பு ஓயாமல் அதோடு சண்டை போட்டு, அந்தச் சண்டையே மனச்சோர்வாக வெளியே வருகிறதோ என்று ஒரு சந்தேகம்.

"சந்தேகம்தான், நல்லா கேட்டுக்கோங்க. நிரூபணம் ஆகல. கொப்புளத்துக்குக் கொடுக்கிற மருந்தயே கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, சோர்வு கொறையுதான்னு பாக்கப் போறோம்," என்றார் டாக்டர். "பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினாறு வாரம். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்வதற்கு ஒரு சொல்தான் வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். கெட்டவர் இல்லை. என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை, விசேஷங்களுக்கு நான் வராதபோது "அவளுக்குத் தலைவலி" என்று பதினோரு வருடம் சளைக்காமல் பொய் சொன்னவர். வைரஸ் என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணனுக்குப் போன் போட்டார், தங்கைக்குப் போட்டார், கார் கற்றுக்கொள்ள வந்தவர்களிடமும் சொன்னார். "நாமதான் தப்பா நினைச்சிட்டோம். வைரஸாம்ல!" வைரஸிடம் மன்னிப்புக் கேட்காத குறைதான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீள வராந்தாவின் கோடியில் ஓர் அறை. ஒரு நர்ஸ், மிச்சம் இருக்கும் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். பிறகு கேள்வித்தாள். போன வாரம் தூக்கம் எப்படி, பசி எப்படி, தன்மேல் வெறுப்பு எப்படி, எரிச்சல் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. கூட்டிப் பார்த்துக் குறைந்திருந்தால் தேவலை, கூடியிருந்தால் மோசம். பிறகு அடுத்த டப்பா.

கண்ணாடியக்காவை அந்த வராந்தாவில்தான் பார்த்தேன். பெயர் இருக்கிறது, ஆனால் கடைசி வரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாகக் கண்ணாடி அரைக்கிறவர். ஐம்பது வயது. முதல் நாளே, கேட்காமல் கொள்ளாமல் என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் பையிலிருந்த துணியால் துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டார். "இவ்ளோ அழுக்க வெச்சுக்கிட்டு உலகம் மங்கலா இருக்குன்னு சொன்னா எப்படி?" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய விஷயம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நோயாளிகளுக்கு இடையே அதுவே பெரிய சிநேகம்.

"உங்களுக்கு வீட்டுல ஏதாச்சும் கொறையாக்கா?"

"ஒரு கொறையும் இல்ல. அதான் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

நான்காவது வாரம் கண்ணாடியக்கா தலைக்குக் குளித்து வந்திருந்தார். நடையில் ஒரு விசை இருந்தது. முந்தின நாள் கடையில் ரேடியோ போட்டாராம், பாட்டு காதுக்குள் போனதாம். நான் அப்படியேதான் இருந்தேன். எந்த மாற்றமும் இல்லை. அன்றைக்குப் புது டப்பாக்களை வாங்கிக்கொண்டு கேண்டீனில் டீ முன்னால் உட்கார்ந்தோம். கண்ணாடியக்கா என்னையும் டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு மருந்து விழுந்திருக்கு. உனக்கு மாவு," என்றார்.

"இருக்கும்க்கா."

"இது என்ன நியாயம்? ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காருறோம், ஒரே நர்ஸ்கிட்ட ஊசிக் குத்து வாங்குறோம். எனக்கு மட்டும் மருந்தா?" தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தார். அதில் தன் மாத்திரைகளைக் கொட்டினார். "உன்னோடதயும் கொட்டு. ஆளுக்குப் பாதி."

இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே நீளம். விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அதன்பிறகு கடவுளே வந்தாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எண்ணித் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. தண்ணீர் குறைந்துவிட்டால் எங்கள் வாரியத்திலும் அதைத்தான் செய்வோம். ஒரு தெரு நிறையப் பிடித்து இன்னொரு தெரு காய்வதற்குப் பதிலாக, இரண்டு தெருவுக்கும் அரைக் குடம். நியாயம் என்றால் அதுதான் என்று பத்து வருடமாகப் போனில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அந்த அரைக் குடத்தை வைத்துக்கொண்டு அந்தத் தெருக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆறாவது வாரமும் கலந்தோம், எட்டாவது வாரமும் கலந்தோம். மாத்திரை எண்ணும் நர்ஸுக்குக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை. "உங்க ரெண்டு பேர் மாதிரி எல்லாரும் ஒழுங்கா சாப்பிட்டா எங்களுக்குக் கவலையே இல்ல," என்று பாராட்டினார். பாராட்டு வாங்குவதில் எனக்கு ஏற்கனவே பழக்கம் இருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒருவர் போனில் வந்தார். நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை, மூன்று முறை புகார் கொடுத்தேன், மூன்று முறையும் 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றார். அவர் கத்தவில்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குப் பின்கழுத்தில் என்னவோ சூடாக ஏறியது. என்னவென்று தெரியவில்லை. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். பகுதிப் பொறியாளருக்குப் போன் போட்டேன். "போய்ப் பாக்காமலே சரியாயிடுச்சுன்னு எழுதுறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று ஒரு குரல் கத்தியது. அது என் குரல். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காய்ச்சல் இல்லை, கோபம். பதினோரு வருடம் கழித்து வந்திருக்கிறது.

வந்தது அங்கேயே நிற்குமா? வீட்டுக்கு வந்து டம்ளரை எடுத்தேன், அடியில் அந்தப் பொட்டு. மனுஷியாகப் படுத்துக் கிடந்தபோது சோம்பேறி, கிருமியாக ஆனதும் நோயாளி. பாதி ஊருக்கு இருக்கிற கிருமி என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் விழவில்லை, மாமியாருக்கும் அது இருக்கக்கூடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நகப்பூச்சுப் புட்டியைத் தேடி எடுத்தேன். சமையலறையில் உட்கார்ந்து, வீட்டில் இருந்த அத்தனை டம்ளருக்கும் அத்தனை தட்டுக்கும் கரண்டிக்கும் பொட்டு வைத்தேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்க?"

"உங்களுக்கு நடுங்காது அத்தை. எனக்குக் கொஞ்சம் நடுங்குது, அதான் பிசிறடிச்சிருக்கு," என்றேன். அன்று நான் பசித்துச் சாப்பிட்டேன்.

பத்தாவது வார வியாழனன்று என் கணவரும் என்னோடு அறைக்குள் வந்தார். நர்ஸிடம் ரகசியம்போல, "மருந்து ஒத்துக்கல போல சிஸ்டர். கோபம் ரொம்ப வருது," என்றார்.

நர்ஸ் கேள்வித்தாளைப் புரட்டினார். "எரிச்சல்... மூணு போட்டுடலாமா?"

"இது எரிச்சல் இல்ல சிஸ்டர், கோபம்," என்றேன். "எரிச்சல் காரணமில்லாம வர்றது. எனக்குக் காரணம் இருக்கு. பதினோரு வருஷத்துக்கு இருக்கு."

"கோபத்துக்குத் தனியா கட்டம் இல்லீங்களே," என்று அவர் வருத்தமாகச் சொல்லிவிட்டு மூன்று போட்டார். இத்தனை வருடத்தில் நான் எழுந்து நின்ற முதல் வாரம், அந்தத் தாளில் ஒரு படி சறுக்கலாகப் பதிவானது. புகாரைப் பார்க்காமலே முடித்து வைக்கிறவர்கள் எங்கள் வாரியத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு எல்லாவற்றின் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. அதனால் பார்க்க வேண்டியதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். கணவரைக் காருக்கு அனுப்பிவிட்டுக் கேண்டீனுக்குப் போனபோது, கண்ணாடியக்கா மேஜையில் கையை வைத்து அதன்மேல் தலையை வைத்திருந்தார். தலைமுடி பிசுக்கேறியிருந்தது. நிமிர்ந்தபோது அவருடைய கண்ணாடி முழுக்க விரல் ரேகைகள். ஊரார் கண்ணாடியைப் பிடுங்கித் துடைக்கிறவர் தன் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது. எனக்குப் பாதியைக் கொடுத்ததால்தான் இவர் மறுபடியும் விழுகிறாரோ என்று தோன்றவும் தோன்றியது. தோன்றியும், நான்தான் மூடியைக் கவிழ்த்தேன், நான்தான் கொட்டினேன், நான்தான் கலந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

பன்னிரண்டாவது வாரம் கண்ணாடியக்கா வரவில்லை.

"போன் பண்ணோம். தம்பி எடுத்தாரு. ஊருக்குப் போயிருக்காங்களாம், இனி வர மாட்டாங்கன்னு சொன்னாரு," என்றார் நர்ஸ். "விலகிட்டாங்கன்னு எழுதிக்க வேண்டியதுதான்." கண்ணாடியக்காவுக்குப் போவதற்கு எந்த ஊரும் கிடையாது. வீடு, கடை, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அவர் உலகம்.

திரும்பும்போது கணவர் கார் ஓட்டினார். பயிற்சிக் கார். நான் உட்கார்ந்திருந்தது கற்றுக்கொடுப்பவர் இருக்கை, அங்கேயும் ஒரு பிரேக் இருக்கும். கலந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். டாக்டரிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"எதுக்கு? நீ நல்லாத்தானே இருக்க? இன்னும் நாலு வாரம்தான். சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க," என்றார். "எல்லாம் முடிஞ்சதும் உனக்கு என்ன குடுத்தாங்கன்னு லெட்டர் அனுப்புவாங்கல்ல? மருந்துன்னு வரும், பாத்துக்கிட்டே இரு. அண்ணன்கிட்ட, அம்மாகிட்ட, எல்லார்கிட்டயும் காட்டுவேன். அதக் கெடுத்துக்கப் போறியா?"

"மாவுன்னு வந்தா?"

அவர் ஒரு லாரியைத் தாண்டினார்.

"சொல்லுங்க. எனக்குக் குடுத்தது மாவுன்னு லெட்டர் வந்தா?"

"வந்தா..." என்றார், ரொம்ப மெதுவாக, என்னை நோகடிக்கக் கூடாது என்ற அக்கறையோடு. "வந்தா, இத்தனை வருஷத்துல எப்ப வேணும்னாலும் நீயே எழுந்திருச்சிருக்கலாம்னுதானே அர்த்தம்?"

என் காலடியில் இருந்த பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் நான்கைந்து ஹாரன்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தடுமாறும்போது அவர் அப்படித்தான் நிறுத்துவார். அவரை அப்படி யாரும் நிறுத்தியதில்லை போலிருக்கிறது, வாயைப் பிளந்தபடி இருந்தார். கதவைத் திறந்து இறங்கி, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தேன். நடந்தால் சரியாகும் என்று பதினோரு வருடம் சொன்னவர்கள் அன்று என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கழுத்து சிவந்தது.

"என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா? நூத்திச் சொச்சம் பேர். ஒவ்வொருத்தரையா தேடிப் பிடிச்சு, மூணு வருஷமா நடத்துறோம். இந்த மருந்து உதவுமா உதவாதான்னு தெரிஞ்சா உங்கள மாதிரி எத்தன பேருக்குப் பதில் கிடைக்கும். ரெண்டு பேரும் டப்பாவில போட்டுக் குலுக்கிட்டு வந்து, கணக்கு சரியா இருக்குன்னு காட்டியிருக்கீங்க!"

அவர் கோபம் நியாயமானது. நான் தலை குனியவில்லை. என்னிடம் இருந்த டப்பாவை மேஜைமேல் வைத்தேன்.

"அக்காவோட மருந்தத்தான் நான் எடுத்துக்கிட்டேனா டாக்டர்?"

"எனக்குத் தெரியாது. ரெண்டும் மருந்தா இருந்திருக்கலாம், ரெண்டும் மாவா இருந்திருக்கலாம். அவங்க எழுந்ததும் விழுந்ததும் நோயோட போக்காவும் இருக்கலாம். இனிமே லெட்டர் வந்தாலும், டப்பாவில என்ன இருந்துச்சுன்னுதான் சொல்லும். நீங்க எத முழுங்கினீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் முழுங்குனது மாவாவே இருந்தா, என் நோய் பொய்யா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது. "ஒடஞ்ச எலும்பு தானா கூடிடுச்சுன்னா ஒடயவே இல்லன்னு சொல்லுவாங்களா?" என்றார். பிறகு, "அவங்க கடைசியா எப்படி இருந்தாங்க? சாகுறத பத்தி ஏதாவது பேசினாங்களா?"

"பேசல. கண்ணாடியத் துடைக்கல," என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சோதனையிலேருந்து ரெண்டு பேரையும் எடுத்துடுறேன். வைத்தியம் அது வேற, அது நிக்காது. நானும் போன் பண்றேன், ஆனா அந்த வீட்டுல எடுக்கிறது தம்பிதான். உங்களால அவங்கள இன்னிக்கே கூட்டிட்டு வர முடியுமா? நாலு மணி வரைக்கும் வெளிநோயாளி அறையில இருப்பேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்த விலாசத்தைத் தேடிப் போனேன். கண்ணாடியக்காவின் தம்பி வீட்டு முன்னறையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நான் போனபோது ஒரு போனைப் பிரித்துப் போட்டு, இடுக்கியால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மணி மூன்று.

"அக்கா ஊருக்குப் போயிருக்காங்க," என்றார் நிமிராமல்.

வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது. நான் அதையே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பின்ன என்னம்மா சொல்றது? பத்து நாளா எழுந்திருக்கலன்னு சொல்லவா? கடைக்கு நாலு பேர் வர்ற இடம். ஒண்ணும் இல்ல, சும்மாதான் படுத்திருக்கு. நாங்க தொந்தரவு பண்றதில்ல. அதுவா மனசு வெச்சா எழுந்துக்கும்."

எனக்குப் பின்கழுத்தில் மறுபடி சூடு ஏறியது. "போன் செத்துப்போச்சுன்னு கொண்டுவந்தா என்ன பண்றீங்க? திறந்து பாக்குறீங்கல்ல? 'சும்மா படுத்திருக்கு, மனசு வெச்சா எழுந்துக்கும்'னு சொல்லித் திருப்பி அனுப்புறீங்களா?" இடுக்கி அவர் கையிலிருந்து மேஜையில் விழுந்தது. அவர் எதுவும் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான்தான் அது. அறை வேறு, போர்வை வேறு, மற்றபடி பதினோரு வருடமும் நான் படுத்துக் கிடந்தது அப்படித்தான். அந்த முதுகிடம் என்னென்ன சொல்லக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்றுதான் தெரியவில்லை, யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அக்கா. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க."

சுவரிடமிருந்து குரல் வந்தது. "உனக்கு நல்லாயிட்டு வந்துச்சே."

"உங்களோடதச் சாப்பிட்டு."

"அப்படித்தான்னு தெரியுமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாதாம்."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நல்ல நாள் என்றேனே, அந்த அழுகை இல்லை. இது வேறு அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தேன்.

"அக்கா, பல் தேய்க்க வேணாம். தலை வார வேணாம். வேற துணி மாத்த வேணாம். யார்கிட்டயும் பேச வேணாம். போர்வையோட அப்படியே வந்தா போதும். மிச்சத்தையெல்லாம் நான் பேசிக்கிறேன்."

முதலில் ஒரு கை வெளியே வந்தது.

தெருமுனைக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. கண்ணாடியக்கா போர்வையைத் தோளோடு சுற்றிக்கொண்டு, நான்கு எட்டுக்கு ஒருமுறை நின்றார். தம்பி கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களும் பார்த்தார்கள். நான் ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தேன். கைகாட்டிய வண்டிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை, போர்வையைப் பார்த்ததும் வேகம் எடுத்தன. மூன்றரை தாண்டிவிட்டது. நிறுத்தத்தில் நின்ற பஸ், நாங்கள் பத்தடி தூரத்தில் வரும்போது கதவை மூடிக்கொண்டு நகர்ந்தது. அடுத்தது எப்போது வருமோ தெரியாது. நாலு மணிக்கு டாக்டர் கிளம்பிவிட்டால், இன்னொரு நாள் அந்தக் கையை வெளியே எடுக்க வைக்க என்னாலும் முடியாது, யாராலும் முடியாது.

கண்ணாடியக்காவை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸின் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தேன். கால் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. டிரைவர் பக்கவாட்டில் தலையை நீட்டினார்.

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. எங்க ரெண்டு பேருக்குமே. கதவத் திறய்யா!"

உள்ளே இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார், நான் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு சத்தம் நின்றது. புஸ்ஸென்று காற்று வெளியேறி, கதவு மடங்கித் திறந்தது. நான் விலகினால் கிளம்பிவிடுவார் என்று, பஸ்ஸின் முகத்தில் உள்ளங்கையைப் பதித்து அங்கேயே நின்றேன். தகரம் சுட்டது. எஞ்சினின் நடுக்கம் தோள் வரை ஏறியது. கண்ணாடியக்கா கம்பத்தை விட்டுவிட்டு வாசல் வரை வந்து, படியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்தார். மற்றக் கால் தரையில் இருந்தது. போர்வையின் நுனி தெருவில் புரண்டுகொண்டிருந்தது.